எட்டுப் பேர் படிக்கும் பக்கம்

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை எப்சி இட்லி சாப்பிடுவதைப் பிளஸ்ஸி அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கவில்லை. எப்போதும் போல மூன்று இட்லி, சட்னியைத் தொடாமல் பொடி மட்டும்.

இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு எப்சிக்குப் பயாப்ஸி ரிசல்ட் வருகிறது. அது இந்த அஸ்தினாபுரத்து வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிளஸ்ஸிக்குத் தெரியும். ஆனால் பிளஸ்ஸிக்குத் தெரியும் என்பது எப்சிக்குத் தெரியாது.

எப்சி அவளுடைய நாத்தனார். நாற்பத்தேழு வயது, பம்மல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா புஷ்பம் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது தம்பி மெர்வினுக்குப் பதினோரு வயது. அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி, படிக்கவைத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்ததுவரை எல்லாம் எப்சிதான். அப்படி அவள் பார்த்துக் கொண்டுவந்த பெண்தான் பிளஸ்ஸி. ஒன்பது வருடம் ஆகிறது. சண்டை என்று ஒன்றும் வந்ததில்லை. பேச்சு என்றும் பெரிதாக இருந்ததில்லை. பால் வந்ததா, கேஸ் சொல்லியாச்சா, அவ்வளவுதான்.

பிளஸ்ஸிக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. யார் யாரோ இணையத்தில் எழுதும் வலைப்பதிவுகளைத் தேடித் தேடிப் படிப்பாள். கூட வேலை செய்பவர்கள் எல்லாம் ரீல்ஸ் பார்க்கிற இந்தக் காலத்திலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ஒருவருடைய பக்கத்தின் ஓரத்தில் அவர் படிக்கும் மற்றவர்களின் பட்டியல் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம், அங்கிருந்து இன்னொன்று. பாதிக்கு மேல் நின்றுபோனவை. ‘சீக்கிரம் எழுதுகிறேன்’ என்று 2014இல் சொல்லிவிட்டுப் போனவர்கள் அப்படியே போயிருப்பார்கள். அந்த வரிசையில் ஒன்று மட்டும் போன வாரம்கூட எழுதப்பட்டிருக்கும். பூட்டிக் கிடக்கிறது என்று நினைத்த வீட்டுக்குள்ளிருந்து குக்கர் விசில் கேட்ட மாதிரி அவளுக்கு இருக்கும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அப்படித்தான் ‘உப்புத் தண்ணீர்’ என்ற பக்கம் கிடைத்தது. எழுதுபவர் பெயர் நிர்மலா என்று இருந்தது. ‘லாரித் தண்ணீர் வரும் நாளில் எங்கள் தெருவில் யாரும் யாரையும் வெறுப்பதில்லை. அதற்கு நேரம் இருப்பதில்லை’ என்று தொடங்கிய பதிவைப் படித்தவள், அன்றைக்கே முதல் பதிவுவரை பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் படித்து முடித்தாள். செம்பருத்தி என்ற பெயரில் கருத்து எழுதினாள். நிர்மலா பதில் எழுதினார். ‘எனக்கு மொத்தம் எட்டு வாசகர்கள். எண்ணிக்கை பார்க்கும் கருவி சொல்கிறது. நீங்கள் எட்டாவது’ என்று எழுதியிருந்தார். அதன் பிறகு, நிர்மலா எழுதுகிற செவ்வாய், வெள்ளி இரண்டு நாளுக்காகவும் காத்திருந்த மாதிரி பிளஸ்ஸி வேறு எதற்காகவும் காத்திருந்ததில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு நிர்மலா ஒரு புகைப்படம் போட்டார். அம்மாவின் சீர்ப் பாத்திரம் என்று ஒரு எவர்சில்வர் தூக்கு. அடியில் வெட்டியிருந்த எழுத்து: வே.புஷ்பம், 14-5-76.

அந்தத் தூக்கு அப்போது பிளஸ்ஸியின் பாத்திரத் தொட்டியில் கவிழ்ந்து கிடந்தது.

அந்த நிமிடத்திலிருந்து அவளுக்குப் பழைய பதிவுகள் எல்லாம் வேறு ஆகிவிட்டன. முக்கியமாக ஒன்று. மூன்று மாதத்துக்கு முன் நிர்மலா எழுதியிருந்தார்: ‘என் தம்பி மனைவி நல்ல பெண். ஆனால் ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்றே கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.’ அதற்குக் கீழே செம்பருத்தி எழுதியிருந்தாள்: ‘சிலர் அப்படித்தான் நிர்மலா. உள்ளே வந்தால் பொறுப்பு வந்துவிடும் என்று பயம். அவர்களை நினைத்து நீங்கள் வருத்தப்படாதீர்கள்.’

தன்னைப் பற்றித் தானே சொன்ன தீர்ப்பு. அதை அழிக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

கடைசிப் பதிவு நேற்று வந்தது. ‘நாளை மதியம் ரிசல்ட். யாரையும் கூட்டிப்போகப் போவதில்லை. கூட்டிப்போனால் அவர்களையும் நான்தான் தேற்ற வேண்டும்.’ அதற்கு அடியில் ஒரு வரி. ‘செம்பருத்தி, உங்களைப் பத்து நாளாகக் காணோமே. நலமா?’

* * *

மெர்வின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே அக்காவிடம் வெள்ளிக்கிழமை பற்றிப் பேசினான். அவனுக்கு ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை. அப்பா வேதசிரோமணிக்கு வெள்ளிக்கிழமை கண்புரை ஆப்பரேஷன். அன்று தனக்கு ஷிஃப்ட் மாற்ற முடியாது என்றும், எப்சி லீவு போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னான். கேட்கிற குரலில் சொல்லவில்லை. முடிந்துபோன விஷயத்தை ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னான்.

“பாக்கலாம்டா” என்றாள் எப்சி.

மெர்வின் நிமிர்ந்து பார்த்தான். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வேதசிரோமணியும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எப்சி வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவர்கள் கேட்டதில்லை.

“என்னக்கா பாக்கலாம்னு சொல்ற? இது அப்பா விஷயம்.”

“அதான் பாக்கலாம்னு சொன்னேன்.”

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இப்போதெல்லாம் என்னவோ ஆகிவிட்டது என்று மெர்வின் முணுமுணுத்தான். மாதவிடாய் நிற்கிற வயது, அதனால் இருக்கும் என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டான். பிளஸ்ஸி வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? எங்கே படித்தேன் என்று சொல்வது? சொன்னால் மெர்வின் ஃபோனைப் பிடுங்கி முதல் பதிவிலிருந்து கடைசிவரை படிப்பான். தன்னைப் பற்றி அக்கா எழுதியதையெல்லாம் படிப்பான். சத்தம் போடுவான், அழுவான், அன்று மாலைக்குள் சர்ச்சில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

அவள் அவனுக்கு டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தாள்.

* * *

பிளஸ்ஸிக்குச் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. பன்னிரண்டரைக்கு, தலைவலி என்று பர்மிஷன் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மழையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிழக்குத் தாம்பரம் போய்ச் சேர்வது பெரும்பாடு. வண்டியைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு ரயிலேறினாள். ஒரே ஸ்டேஷன்.

கிழக்குத் தாம்பரம் என்று மட்டும்தான் நிர்மலா எழுதியிருந்தார், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. ஆனால் பயாப்ஸி எடுத்த அன்று, காத்திருக்கும் இடத்தின் ஜன்னலில் ரயில்வே நடைபாலம் தெரிகிறது என்றும், கீழே பேக்கரி இருப்பதால் வலிக்கிற நேரத்திலும் பன் வாசனை வருகிறது என்றும் எழுதியிருந்தார். பிளஸ்ஸி நடைபாலத்தில் நின்று கிழக்குப் பக்கம் பார்த்தாள். கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. மூன்று பேக்கரி தெரிந்தது. இரண்டாவதற்கு மேல்தான் சிலுவைக் குறி போட்ட போர்டு.

மாடியேறும்போதுதான் தான் செய்வது என்னவென்று அவளுக்கு உறைத்தது. ஒருவர் தெரியாதவர்களிடம் சொன்னதை வைத்து அவரைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறாள். திரும்பிவிடலாமா என்று படியில் நின்றாள். மேலேயிருந்து இறங்கி வந்த ஓர் அம்மா, வழிவிடுமா என்றார். வழிவிடுவதற்காக ஓரமாக ஒதுங்கி இரண்டு படி ஏறினாள். அப்புறம் ஏறிக்கொண்டே போய்விட்டாள்.

எப்சி ஜன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மடியில் கட்டு, கையில் சிவப்புப் பேனா. நிமிர்ந்து பிளஸ்ஸியைப் பார்த்தவள் பேனாவை மூடினாள். ஆச்சரியப்பட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. தெரிந்த டீச்சர் ஒருத்திக்குத் துணையாக வந்ததாகச் சொன்னாள். பிளஸ்ஸி தைராய்டு டெஸ்ட்டுக்கு வந்ததாகச் சொன்னாள். இருவரும் அதை நம்பியதாகத் தலையாட்டிக்கொண்டார்கள். ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். கீழேயிருந்து பன் வாசனை வந்தது.

எப்சி பேனாவைத் திறந்து இன்னும் இரண்டு விடைத்தாளைத் திருத்தினாள். பிறகு நர்ஸ் கதவைத் திறந்து எப்சியின் முழுப்பெயரையும் கூப்பிட்டாள்.

எப்சி எழுந்தாள்.

“கூட யார் வந்திருக்கீங்க? டாக்டரம்மா கேக்குறாங்க.”

எப்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“நான் வந்திருக்கேன்” என்றாள் பிளஸ்ஸி.

எப்சி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையின் நோட்டில் சரியான விடை மட்டும் இருந்தால் டீச்சர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தாள். பிறகு விடைத்தாள் கட்டை எடுத்துப் பிளஸ்ஸியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள். பிளஸ்ஸி கட்டோடு பின்னால் போனாள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. கட்டி சின்னதுதான், ஆனால் கேன்சர்தான் என்றார். நல்லவேளையாக ஆரம்பத்திலேயே பார்த்தாகிவிட்டது, ஆப்பரேஷன் செய்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கீமோ வேண்டுமா என்று முடிவு செய்யலாம் என்றார். எப்சி கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை, அது முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“அவ்வளவு நாள் தள்ளக் கூடாதும்மா. பத்து நாளுக்குள்ள வெச்சுக்கலாம். வீட்டுல யாரு கூட இருப்பாங்க?”

எப்சியின் பேனா நின்றது. யாருக்கு என்ன ஆனாலும் கூட இருப்பது அவள்தான். அவளுக்கு ஏதாவது ஆனால் யார் என்று அந்த வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை.

பிளஸ்ஸி தான் இருப்பதாகச் சொன்னாள். எப்சி அவளைப் பார்க்காமல் நோட்டில் ‘பத்து நாள்’ என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

படியிறங்கும்போது எப்சி கேட்டாள். “யார் சொன்னது உனக்கு?”

இதற்குப் பிளஸ்ஸி ரயிலிலேயே பதில் தயார் செய்திருந்தாள். “யாரும் சொல்லல அண்ணி. காலைல நீங்க பாக்கலாம்னு சொன்னீங்க. மனசு கேக்கல. ஸ்டேஷன்ல உங்களப் பாத்தேன், பின்னாடியே வந்துட்டேன்.”

எப்சி நம்பிவிட்டாள். அதுதான் பிளஸ்ஸிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பேக்கரி வாசலில் நின்று, அப்பாவின் கண் ஆப்பரேஷன் முடியும்வரை மெர்வினிடம் மூச்சு விடக் கூடாது என்று எப்சி சொன்னாள். சரி என்றாள் பிளஸ்ஸி. எப்சி ஒரு நொடி அவள் தோளில் கை வைத்தாள். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. பிறகு இன்னும் இரண்டு பீரியட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

* * *

சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபோனில் ‘உப்புத் தண்ணீர்’ புதுப் பதிவு வந்தது. அன்று புதன்கிழமை, நிர்மலா எழுதுகிற நாள் இல்லை. பிளஸ்ஸி அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு, அடுக்களைச் சுவரில் சாய்ந்து படித்தாள். இனி படிக்கக் கூடாது என்று ரயிலில் வரும்போது தீர்மானம் செய்திருந்தாள். அந்தத் தீர்மானம் மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

‘கேன்சர்தான். சொல்லிவிட்டேன், இனி இந்த வார்த்தையைச் சுற்றிப் போக வேண்டாம்.

கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டபோது என் தம்பி மனைவி பதில் சொன்னாள். வாசலில் நிற்பவள் என்று எழுதியிருந்தேனே, அவள்தான். அன்றைக்கு எழுதியதைத் தப்பென்று அடிக்கமாட்டேன். அன்றைய விடை அது. இன்றைக்கு விடை மாறியிருக்கிறது.

ஆனாலும் வீட்டு மனிதர்கள் முன்னால் எனக்கு அழத் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் நோட்டு எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். செம்பருத்தி, நீங்கள் எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் நான் கேட்டதில்லை. சென்னைப் பக்கம் என்றால் ஆப்பரேஷனுக்கு முன் ஒருமுறை வருவீர்களா? என்னை வீட்டுக்குள் பார்த்திராத ஒருவர் எதிரில் பத்து நிமிடம் உட்கார வேண்டும்.’

பிளஸ்ஸி இரண்டு முறை படித்தாள். வருகிறேன் என்று எழுத முடியாது. வரமுடியாது என்றும் எழுத முடியாது. பேசாமல் இருந்தால், இந்த நேரத்தில் செம்பருத்தியும் கைவிட்டுவிட்டாள் என்று எப்சி நினைப்பாள். வேறு யாராவது ஒரு தோழியை அனுப்பி நடிக்கச் சொல்லலாமா என்றுகூட அரை நிமிடம் யோசித்தாள். யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

எப்சியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மேஜைமேல் பழைய கம்ப்யூட்டர். எப்சி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கேள்வித்தாள் அடிக்கிறாள் என்றே இத்தனை வருடமும் வீட்டில் எல்லோரும் நினைத்த சத்தம். பிளஸ்ஸி உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எப்சி மானிட்டரை அணைத்தாள்.

“என்ன பிளஸ்ஸி?”

“நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்களோ அவங்க வரமாட்டாங்க அண்ணி. செம்பருத்தி நான்தான்.”

எப்சிக்குப் புரிய நேரம் ஆனது. முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

“எவ்வளவு நாளா?”

“படிக்க ஆரம்பிச்சு ஏழு மாசம். நீங்கன்னு தெரிஞ்சு பத்து நாள். அந்தத் தூக்கு ஃபோட்டோல பேர் இருந்துச்சு.”

“அப்ப அந்தக் கமெண்ட்டு, வாசல்ல நிக்கிறவளப் பத்தி எழுதினது?”

“அப்ப எனக்குத் தெரியாது அண்ணி. யாரையோ சொல்றோம்னு நினைச்சு எழுதினேன்.”

எப்சியின் உதடு சிரிக்கப்போவது போலக் கோணியது. ஆனால் சிரிப்பு வரவில்லை. “ஸ்டேஷன்ல பாத்தேன்னது?”

“பொய்.”

எப்சி கீபோர்டைத் தள்ளி வைத்தாள். பேசியபோது குரல் உயரவில்லை.

“அம்மா செத்ததுலருந்து இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு அலமாரிகூடப் பூட்டி வெச்சதில்ல. அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

“நான் இனிமே படிக்கமாட்டேன். சத்தியமா சொல்றேன்.”

“நீ படிக்கலன்னாலும், நீ படிக்கலாம்னு தெரிஞ்சுக்கிட்டு நான் எழுதணுமே.”

பிளஸ்ஸி கட்டிலிலிருந்து எழுந்தாள். மன்னிப்புக் கேட்டாள். எப்சி கேட்டதாகவே தெரியவில்லை. கீழே போகச் சொன்னாள். அப்பாவுக்கு ஆறரைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், இரண்டு கண்ணுக்கும் இல்லை, வலது கண்ணுக்கு மட்டும் என்றாள். அதை எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

பிளஸ்ஸி கீழே வந்து மாமனாரின் வலது கண்ணில் மருந்து விட்டாள். அவர் கண்ணை மூடியபடி, எப்சி ஏன் கீழே வரவில்லை என்று விசாரித்தார். பேப்பர் திருத்துகிறார்கள் மாமா என்றாள். அவர் அதை ஏற்றுக்கொண்டு சாய்ந்து படுத்தார்.

அடுக்களைக்குத் திரும்பியதும் அவள் கை தானாக ஃபோனை எடுத்தது. ஏழு மாதப் பழக்கம். பக்கத்தைத் திறந்தாள். பச்சை எழுத்தில் தலைப்பு இல்லை, தண்ணீர் லாரி இல்லை, அம்மாவின் தூக்கு இல்லை. வெள்ளைத் திரையில் ஒற்றை அறிவிப்பு மட்டும் இருந்தது. இந்த வலைப்பதிவு, அழைக்கப்பட்ட வாசகர்களுக்கு மட்டுமே.

எட்டுப் பேரில் ஒருவர் கனடாவில் இருந்தார், ஒருவர் தேனியில் டெய்லர் கடை வைத்திருந்தார். மற்றவர்களைப் பிளஸ்ஸிக்குக் கருத்துப் பெட்டியில் பெயராக மட்டும் தெரியும். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நாளைக் காலை அவர்களெல்லாம் வந்து பார்ப்பார்கள், இதே அறிவிப்பைத்தான் காண்பார்கள். யார் என்று தெரியாமலே அவளுக்காக ஜெபிக்கிறவர்களும் அதில் உண்டு. அத்தனை பேருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தவைத்தது தான்தான் என்று பிளஸ்ஸி நினைத்தாள். ஃபோனை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

மாடியில் எப்சி மறுபடியும் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தாள். விடாமல், வேகமாக, நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாள் என்று தெரிந்துகொள்ள இனி பிளஸ்ஸிக்கு வழி இல்லை.